கேன் அடுப்பு குளிர்ல திணறுது, ஐடியா சொல்லுங்க
பெங்களூர் மக்களே, ஒரு ஹெல்ப். பழைய மாருதி ஆம்னி வேனை கேம்பர் மாதிரி (உள்ளயே தங்கி சமைக்கிற வண்டி) மாத்தி வச்சிருக்கோம், சமையலுக்கு சின்ன கேஸ் கேன் போட்டு எரியுற ஒத்தை பர்னர் அடுப்பு. இங்க மொட்டை மாடில டெஸ்ட் பண்ணப்ப சூப்பரா எரிஞ்சுது, ஆனா போன ஜனவரி ஊட்டில விடியக்காலைல ஒரு டீ போட அரை மணி நேரம், கேன்ல பாதி கேஸ் இருக்கு, தீ மட்டும் அகல்விளக்கு மாதிரி. கேன்ல இருக்குற பியூட்டேன் கேஸ் 0 டிகிரி பக்கம் வந்தா சரியா ஆவியாகாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ராத்திரி கேனை கம்பளிக்குள்ள சுத்தி வச்சா போதுமா, இல்ல குளிர்லயும் ஆவியாகுற புரொப்பேன் கேஸ் கலந்த கேன் சிவாஜிநகர் பக்கம் கிடைக்குமா, கிடைச்சாலும் இந்த அடுப்புக்கு செட் ஆகுமா? கொதிக்கிற தண்ணில வைன்னு மச்சான் சொல்றான், அவன் பேச்சைக் கேட்டா வெடிச்சிடும். வண்டிக்குள்ள கதவ சாத்திட்டு எரிக்கவும் சொல்லாதீங்க, கார்பன் மோனாக்சைடுன்னு விஷ வாயு சேரும், வாசனையே வராது. பொங்கல் லீவுக்கு கிளம்புறோம், யூஸ் பண்ணவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.