வீணை மேல் மையல் கொண்ட கதைகள்

அனுமந்திரம்:
தெரிந்தவர் வீட்டில் வீணைக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார்கள். "நான் பிருடையைத் திருகுறேன், நீங்க குடத்தைக் கொஞ்சம் அணைச்சுப் பிடிங்க" என்றார் டீச்சர். பிருடை என்றால் தந்தியை முறுக்கும் முளை, குடம் என்றால் நாதம் எழும் உருண்டைப் பகுதி. அதுவரை யாளி முகத்தைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது தந்தியை, அதான் ஆகக் கீழான ஒலி தரும் அனுமந்திர பஞ்சமத்தை, ஒருமுறை மீட்டினார். காதுக்கு வருமுன் விலாவுக்குள் இறங்கிவிட்டது நாதம். "போதும், விட்டுடலாம்" என்று அவர் சொன்ன பிறகும் எனக்குக் கையெடுக்க மனசில்லை. ச ரி க ம கூடத் தெரியாத ஆள் நான். இப்போதும் வீணையைப் பார்த்தால் கண் நேரே குடத்துக்குத்தான் போகிறது. வேறு யாருக்காவது இப்படி?

ஒற்றைமரம்:
அப்படி அதிர்ந்தது என்றால் அது ஏகாண்ட வீணையாகத்தான் இருக்கும். ஒரே பலாமரத்தில் குடைந்தது. பாகங்களைத் தனித்தனியாகச் செய்து சேர்த்த ஒட்டு வீணையில் அந்தக் கார்வை, நின்று ஒலிக்கும் நாதம், வராது.

நான் விழுந்தது ஒரு பட்டறையில். தண்டியின், அதான் வீணையின் நீண்ட கழுத்தின், மேல் கறுப்பு மெழுகு மட்டும் இருந்தது. செய்பவர் ஸ்வர இடத்தைக் காட்டும் உலோகக் கட்டையை, அதான் மெட்டை, ஒவ்வொன்றாக வைத்து, தந்தியை அழுத்தி மீட்டிக் கேட்டு, நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். மொத்தம் 24 மெட்டு. ஒரு காந்தாரம் ('க' ஸ்வரம்) மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. கட்டைவிரலால் மயிரிழை தள்ளினார் பாருங்கள், சுருதியோடு போய் ஒட்டிக்கொண்டது! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவர் பாட்டுக்கு அடுத்த மெட்டை எடுத்தார்.

மேளக்கட்டு:
ஒற்றைமரம் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னுடையது ஒட்டு வீணைதான். உறையைப் பிரித்ததும் கை தவறித் தந்தியில் பட்டது, அந்த ஒரு ஒலியிலேயே நான் காலி. மரம் நன்றாகக் காய்ந்ததா, குடத்தை எவ்வளவு கனத்தில் குடைந்தார்கள், தந்திகளைத் தாங்கும் குதிரை சரியாக உட்கார்ந்ததா, இதெல்லாம் சேர்ந்துதான் நாதம்.

அப்புறம், ஆசைப்பட்டு வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். வெயில் விழும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், பூட்டிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால் திரும்ப மேளம் கட்ட, அதான் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிக்க, வேண்டும், அதற்கு ஆள் கிடைப்பது லேசில்லை. வாசித்து முடித்ததும் தந்தியை உலர்ந்த துணியால் துடையுங்கள், வியர்வையில் துரு ஏறும். தண்டியை மட்டும் பிடித்துத் தூக்கவே கூடாது. சுருதி துளி விலகினால் உடனே பிருடையைத் திருகாதீர்கள், நுண்ணிய சுருதி சேர்க்கும் லங்கர் எதற்கு இருக்கிறது? வாங்கும்போது வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். யாளியின் அழகுக்கும் நாதத்துக்கும் சம்பந்தமில்லை.

சுண்டுவிரல்:
மேளக்கட்டு சார், வாங்குவதைப் பற்றி இங்கே யார் கேட்டார்கள்? ஏகாண்டமா ஒட்டா என்ற சண்டையும் எனக்கு வேண்டாம். என்னைக் கவிழ்த்தது பக்கத்தில் ஓடும் மூன்று தாளத் தந்திகள். கச்சேரியில் முன்வரிசை. எல்லாரும் இடது கையையே பார்க்கிறார்கள், ஒரே மெட்டில் தந்தியை இழுத்து அடுத்தடுத்து ஸ்வரங்களைப் பிடிப்பதை. என் கண் வலது கைச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டது. மற்ற விரல்கள் ராகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் தனியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து அரங்கமே கைதட்டியது, நான் அந்த விரலுக்குத் தட்டினேன். அதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஒற்றைமரம்:
சிரிக்கட்டும் விடுங்க. ஆனால் ஒட்டு வீணை விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.