கிச்சன் கேபினட்டை வைத்து ஆபீஸ் மேசை: உயரம், பலகை பற்றி யோசனை வேண்டும்

வணக்கம். சென்னையில் எங்கள் ஃபிளாட்டின் சின்ன அறையை ஆபீஸ் அறையாக மாற்றப் போகிறேன். 9 அடிச் சுவர். இரண்டு ஓரத்திலும் மாடுலர் கேபினட், நடுவில் 5 அடி இடைவெளி, மேலே சுவர் முழுக்கப் பலகை.

சிக்கல் உயரத்தில்தான். எனக்குக் கிடைக்கும் கிச்சன் கேபினட் பெட்டி 720 மி.மீ. மேலே 25 மி.மீ. பலகை போட்டால் 745. உட்கார்ந்து டைப் செய்யச் சரியான உயரம். ஆனால் அதற்கு அடியிலுள்ள 100 மி.மீ. பிளாஸ்டிக் கால்களைக் கழற்ற வேண்டும். கழற்றினால் பெட்டி தரையில் உட்காரும், வீடு துடைக்கும் தண்ணீர் அடியில் ஊறும். (அம்மா துடைப்பது கிட்டத்தட்ட அபிஷேகம்.) காலுக்குப் பதில் 20 மி.மீ. கிரானைட் துண்டு கொடுக்கலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

அப்புறம் பலகை. ப்ளைவுட் ஷீட் 8 அடிதான் வரும், ஒட்டு போட்டே ஆகவேண்டும். ஒட்டு கேபினட்டுக்கு மேல் வரும்படி பார்த்துக்கொள்வேன். செலவைக் குறைக்க 18 மி.மீ. போதும் என்கிறார் கார்பெண்டர். இரண்டு மானிட்டர், அதோடு கை ஊன்றும் பாரம். நடுவில் தொய்ந்துவிடும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்சுவரில் இரும்பு ஆங்கிள் அடித்தால் போதுமா, முன்விளிம்பிலும் சட்டம் வேண்டுமா? முன்னால் வைத்தால் முழங்கால் இடிக்குமே.

இந்த அறைக்கு ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் வகை) ப்ளைவுட் தேவையா, ஐஎஸ் 303 (பொது உபயோக வகை) போதுமா?

செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும். விற்பனையாளர்கள் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம், ப்ளீஸ்.