புதுப்பிப்பு: பாட்ரெஸின் 26 பேர் பற்றிய என் கணிப்பு

2024 பிப்ரவரியில், அமெரிக்க பேஸ்பால் அணியான சான் டியேகோ பாட்ரெஸ் சீசனின் தொடக்க நாளில் வைத்திருக்கப்போகும் 26 வீரர்களின் பட்டியலைக் கணித்து இங்கே எழுதியிருந்தேன். சியோலில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடனான இரண்டு தொடக்க ஆட்டங்களும் (மார்ச் 20, 21) முடிந்துவிட்டன. கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.

பெரிய தவறு ஜாக்சன் மெரில். 20 வயதுப் பையன், டபுள்-ஏ நிலைக்கு (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) மேல் ஆடியதே இல்லை, அதனால் வளரும் வீரர்கள் ஆடும் மைனர் லீக்கில்தான் தொடங்குவார் என்று எழுதினேன். அவர் சென்டர் ஃபீல்டில், அதாவது வெளிக்களத்தின் நடுவில், நின்றார்! ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு இடையே நிற்பவர்) வளர்ந்தவர், ஆனால் அந்த இடம் ஹா-சியோங் கிம்முக்குப் போய், அதுவரை அங்கே ஆடிய போகார்ட்ஸே இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தாயிற்று. டிசம்பரில் வெளிக்கள வீரர்களான ஹுவான் சோட்டோவோடு கிரிஷமையும் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு அனுப்பியதில் வெளிக்களம் காலியாகிக் கிடந்தது. நான் வயதையே பார்த்தேன், காலியிடத்தைப் பார்க்கவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் மெரிலின் முதல் ஹிட்டை (பந்தை அடித்து பேஸை எட்டுவது) பார்த்தபோது, என் கணிப்பு பொய்த்ததில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பந்துவீச்சாளர் டிலன் சீஸ் என் பட்டியலிலேயே இல்லை. மார்ச் 13 அன்றுதான் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியிடமிருந்து வந்தார். சோட்டோவைக் கொடுத்து வாங்கிய இளம் பந்துவீச்சாளர் ட்ரூ தோர்ப்பும் அந்தப் பேரத்தில் போய்விட்டார். தோர்ப்பை இழந்தது இன்னும் உறுத்துகிறது.

தொடக்கப் பந்துவீச்சாளர்களில் டார்விஷ், மஸ்க்ரோவ் என்ற வரிசை சரியாக வந்தது. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் பேஸ் வீரர் மச்சாடோ களத்தில் நிற்காமல் மட்டை மட்டும் பிடிப்பார் என்றதும் சரி. முதல் ஆட்டம் 5-2 என்று டாட்ஜர்ஸுக்குப் போனது. அடுத்தது 15-11, நமக்கு!