பேட்டரிய கவனிக்கிற பிஎம்எஸ் போர்டுக்கு டிஜிட்டல் ட்வின் நிஜமாவே வேணுமா, நல்ல சென்சார் போதாதா?

ஓசூர்வாசி:
வீட்டு சோலாருக்கு எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி பேக் பண்ற டீம்ல இருக்கேன். ஒவ்வொரு பேக்குக்கும் சர்வர்ல ஒரு டிஜிட்டல் ட்வின், அதாவது அந்த பேக்கோட கம்ப்யூட்டர் நகல், ஓட்டணும்னு ஆபீஸ்ல சண்ட போட்டுட்டு இருக்கேன். அந்த பேக்கோட வோல்டேஜ், கரண்ட், சூடு எல்லாம் சர்வருக்குப் போகும், அதுக்குன்னே இருக்கிற மாடல் அதோட சேர்ந்தே வயசாகும். போர்டுல இருக்கிற டேபிள் புது செல்ல லேப்ல வச்சு எடுத்தது, மூணு வருசம் கழிச்சு ரெசிஸ்டன்ஸ் ஏறி கெப்பாசிட்டி இறங்கின பிறகும் சிப் பழைய கணக்கேதான் போடுது.

எல்எஃப்பில இது இன்னும் மோசம். சார்ஜ் 30 சதவீதத்துக்கும் 70க்கும் நடுவுல இருக்கும்போது செல் வோல்டேஜ் 3.3 பக்கத்துலயே நிக்கும், வித்தியாசம் சில பத்து மில்லிவோல்ட்தான், அதனால கரண்ட கூட்டிக் கழிச்சுத்தான் சார்ஜ் சொல்லணும். 100 ஆம்பியர் அவர் பேக்ல சென்சார் 0.1 ஆம்பியர் தப்பா காட்டினா ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் அவர் பிசகும். ஐப்பசி அடைமழைல பத்து நாள் ஃபுல் சார்ஜ் ஆகலன்னா 24 சதவீதம் போச்சு. ஸ்கிரீன்ல 25 காட்டும், வீடு இருட்டாயிடும்.

கரூர் பேக் சர்வீஸ்:
ப்ரோ, அதே தப்பான சென்சார் டேட்டாதானே உங்க ட்வினுக்கும் போகுது? நான் தினமும் பேக்க பிரிச்சு பாக்குறவன். நிக்கல் பட்டை வெல்டு விட்டிருக்கும், பேலன்ஸ் ஒயர் லூசா இருக்கும், தண்ணி இறங்கி போர்டு பச்சை பூத்திருக்கும், மொத்த பேக்குக்கும் சூடு அளக்க ஒரே ஒரு தெர்மிஸ்டர் ஓரமா ஒட்டியிருக்கும். இதுல எத உங்க மாடல் பாத்துடும்? டெஸ்லாவே எல்எஃப்பி வண்டிய வாரம் ஒரு தடவ 100 வரைக்கும் ஏத்தச் சொல்றான். அடைமழைல ஈபி கரண்ட்ல ஒரு தடவ ஃபுல் பண்ணா மீட்டர் தானா சரியாயிடும், சர்வர் எதுக்கு?

மின்வேதியியல் செல்வி:
கரூர் அண்ணே, சென்சார் கேள்வி சரியான கேள்வி. ரெண்டு ஃபுல் சார்ஜுக்கு நடுவுல போனதும் வந்ததும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும், மிஞ்சறதுதான் சென்சாரோட பிழை. அதுக்கு ட்வின் வேணாம், சிப்பே பண்ணிடும். ஆனா கெப்பாசிட்டி குறையறது அப்படி இல்ல. வீட்டு பேட்டரி அடிவரைக்கும் காலியாகறதே அபூர்வம், அதனால அரைகுறை சைக்கிள்கள மாசக்கணக்குல சேத்து வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், அந்த மெமரியும் வேகமும் சின்ன சிப்புல கிடையாது. ஜெர்மனில ஆக்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க 2020ல கிளவுட் பிஎம்எஸ்னு பேப்பர் போட்டது இதத்தான், லித்தியம் அயான், லெட் ஆசிட் ரெண்டுலயும் பாத்தாங்க.

கரூர் பேக் சர்வீஸ்:
பேப்பர் சரிம்மா. செவர்லே போல்ட் எலக்ட்ரிக் கார் கதைய பாருங்க. எல்ஜி செல்லுக்குள்ள ஆனோடு டேப் (மைனஸ் பக்கத்து பட்டை) கிழிஞ்சு, பிளஸ் மைனஸ் ஒட்டாம பிரிக்கிற செப்பரேட்டர் மடிஞ்சு, ரெண்டும் ஒரே செல்லுல இருந்தா தீ. 2021ல அந்த மாடல் மொத்தத்தையும் செவர்லேவோட கம்பெனி ஜிஎம் திரும்பக் கூப்பிட்டாங்க. ஃபேக்டரில மடிஞ்ச செப்பரேட்டர எந்த ட்வின் பாத்துச்சு?

ஓசூர்வாசி:
கதைய பாதில விட்டுட்டீங்க. 2023ல அதே ஜிஎம் நிறைய வண்டிக்கு சாஃப்ட்வேர் போட்டு, சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடற வரைக்கும் சார்ஜ 80 சதவீதத்துல நிறுத்தி, பேக்ல கோளாறு தெரியுதான்னு கவனிச்சாங்க. தெரியலன்னா லிமிட் தானா எடுபடும். டேட்டாவ வச்சே கெட்ட பேக்க பிரிக்க முடியும்னுதானே அர்த்தம்?

கரூர் பேக் சர்வீஸ்:
அது வண்டிக்குள்ளயே ஓடற செக்கிங். அத ட்வின்னு சொல்லி விக்காதீங்க. இன்னொண்ணு, நெட் போச்சுன்னா என்ன? எங்க ஊர் பக்கம் மழை வந்தா முதல்ல போறது டவர்தான்.

மின்வேதியியல் செல்வி:
கட்ஆஃப யாரும் கிளவுட்ல வைக்கறதில்லண்ணே, வைக்கவும் விடக்கூடாது. ஷார்ட் ஆனா போர்டுதான் மில்லிசெகண்டுக்குள்ள வெட்டணும். சர்வர் வேலை நிதானமானது, ரெசிஸ்டன்ஸ், கெப்பாசிட்டி ரெண்டையும் புதுசா கணக்கு பண்ணி சிப்புல ஓடற கால்மன் ஃபில்டருக்கு (சார்ஜ கணிக்கிற கணக்கு முறை) அனுப்பும். ஒரு வாரம் நெட் இல்லன்னாலும் பழைய நம்பர வச்சு பேக் ஓடும்.

கரூர் பேக் சர்வீஸ்:
அப்ப அந்த நம்பர் யாருக்கு? எங்கிட்ட வர்ற பேக்ல போர்ட்டுக்கு பாஸ்வேர்டு போட்டு பூட்டியிருக்கான், காசு குடுத்து வாங்குனவருக்கே தன் பேட்டரி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு தெரியல. ஐரோப்பால 2027 பிப்ரவரி 18லேர்ந்து வண்டி பேட்டரிக்கும் 2 கிலோவாட் அவருக்கு மேல இருக்கிற இண்டஸ்ட்ரியல் பேட்டரிக்கும் பாஸ்போர்ட், அதாவது பேட்டரியோட விவரம் இருக்கிற டிஜிட்டல் பதிவு, கட்டாயம். இங்க ட்வின் வந்தா கம்பெனிக்காரன் மட்டும்தான் பாப்பான்.

ஓசூர்வாசி:
அதுல உங்க பக்கம்தான் நான். ஹெல்த் நம்பர் ஓனரோட ஆப்ல தெரியணும்னு எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா அதுக்காக ட்வினே வேணாம்னு சொல்றத ஏத்துக்க மாட்டேன்.

கரூர் பேக் சர்வீஸ்:
சரி, உங்க பேக்ல 16 செல் வோல்டேஜும் தனித்தனியா லாக் ஆகுதா? சூடு எத்தன இடத்துல எடுக்குறீங்க?

ஓசூர்வாசி:
16ம் தனித்தனியா, 10 செகண்டுக்கு ஒரு தடவ. சூடு 2 இடத்துல. மீதிய தெர்மல் மாடல் கணிக்கும்.

கரூர் பேக் சர்வீஸ்:
நடு செல்லுதான் ப்ரோ முதல்ல வேகும், ஓரத்து செல்லு காத்துல ஆறிடும். நடுவுல ரெண்டு, செல்கள இணைக்கிற பஸ்பார் போல்ட்டுகிட்ட ரெண்டு தெர்மிஸ்டர் போட்டு, உங்க மாடல் சொல்ற சூடும் அது காட்டற சூடும் ஒரு சித்திரை வைகாசி முழுக்க ஒத்துப் போகுதான்னு கிராஃப் இங்கயே போடுங்க. ஒத்துப் போனா என் கடைல வர்ற பேக்குக்கு நானே கேட்டு வாங்கறேன்.