இன்று இரவு மைனஸ் 4, டிரைவ்வேயில் படகு நிற்கிறது: என்ன செய்வது?

ஓரிலியா புதுவரவு:

வணக்கம். கொஞ்சம் அவசரம். கோவையிலிருந்து வந்து இந்தக் கோடையில்தான் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஓரிலியாவில் குடியேறினோம். ஊரை விட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரர் தன் படகை டிரெய்லரோடு மலிவாகக் கொடுத்தார், குழந்தைகள் ஆசைப்பட்டதால் வாங்கிவிட்டேன். நேற்றுதான் ஏரியிலிருந்து எடுத்துவந்து டிரைவ்வேயில் நிறுத்தினேன். இன்று இரவு மைனஸ் 4 வரை போகும் என்கிறார்கள். வேலையிடத்தில் ஒருவர் "வின்டரைஸ் பண்ணிட்டீங்களா? இல்லேன்னா இன்ஜின் பிளந்துடும்" என்று சொன்னதிலிருந்து நெஞ்சு படபடக்கிறது. படகைக் குளிர்காலத்துக்குத் தயார் செய்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம். படகுகளை நிறுத்திப் பராமரிக்கும் மரீனாவுக்குப் போன் செய்தால் மூன்று வாரத்துக்கு இடமே இல்லையாம். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருக்கிறேன். அது போதுமா? தண்ணீர் உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் திரவத்தில் எதை வாங்க வேண்டும்? கடை 9 மணிக்கு மூடிவிடும். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ பழையவர்:

தம்பி, படகு இருக்கட்டும். காருக்கு வின்டர் டயர் போட்டுவிட்டீர்களா? ஓரிலியாப் பக்கம் பனி கொட்டினால் ரொறன்ரோ மாதிரி இருக்காது. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் பேஸ்மென்டில் ஐந்து பேர் இருந்தோம். வீட்டுக்கு வெளியே இருக்கிற தண்ணீர்க் குழாயை உள்ளே வால்வில் பூட்டிவிட்டு வடிய விட வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஜனவரியில் சுவருக்குள் குழாய் வெடித்து, படுக்கை, பெட்டி, ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழ்கள் எல்லாம் நனைந்து போயிற்று. வீட்டுக்காரர் அந்தச் செலவையும் எங்கள் தலையிலேயே போட்டார். அதனால் முதலில் அந்த வெளிக்குழாயைப் பூட்டுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மிசிசாகா மீன்பிடி:

பயப்பட ஒன்றுமில்லை நண்பரே. படகுக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு இன்ஜின்தானே? இன்ஜினைத் தூக்கி வைக்காமல் நேராக, செங்குத்தாகக் கீழே இறக்கி விடுங்கள். தண்ணீர் தானாக வடிந்துவிடும். என்னுடைய 14 அடி அலுமினியப் படகுக்கு இவ்வளவுதான் செய்கிறேன். சின்ன டேங்கில் இருக்கிற பெட்ரோலைக் காரில் ஊற்றிவிடுங்கள், காலி டேங்காக வையுங்கள். ஆன்டிஃப்ரீஸ் தேவையே இல்லை, காசைக் கரியாக்காதீர்கள்.

பாரி அக்கா:

காலி டேங்க் கூடவே கூடாது தம்பி. காலி இடத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். வசந்தத்தில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் மருந்து ஊற்றி, விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, டேங்கை ஏறக்குறைய நிரப்பித்தான் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

இன்னொன்று. ஏரியிலிருந்து வெளியே எடுத்த இடத்திலேயே அடிப்பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்தீர்களா? 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம். படகைச் சாலையில் இழுத்துப் போகும் முன் தண்ணீர் முழுக்க வடிந்திருக்க வேண்டும், டிரெய்லரில் பாசி, களை ஒட்டியிருக்கக் கூடாது. ஸீப்ரா மஸ்ஸல் என்ற சிப்பி இப்படித்தான் ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குப் போகிறது. சிம்கோ ஏரியின் கரையில் கால் வைத்துப் பாருங்கள், அந்தச் சிப்பி ஓடுகள் பாதத்தைக் கிழிக்கும்.

பிராம்ப்டன் வாசகர்:

டிரைவ்வேயில் படகு நிறுத்தவே பல நகராட்சிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. எனக்கு முதல் வருடமே நோட்டீஸ் வந்தது. பக்கத்தில் யாரோ புகார் செய்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருந்தால் நானே எடுத்திருப்பேன். இங்கே எவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

ஸ்கார்பரோ பழையவர்:

உண்மைதான். எதற்கெடுத்தாலும் புகார், எதற்கெடுத்தாலும் கட்டணம். மரீனாவில் குளிர்காலம் படகை வைக்க அடிக்கணக்கில் வாங்குகிறார்கள், மேலே பிளாஸ்டிக் சுற்றத் தனிக் காசு, இறக்கத் தனிக் காசு. உழைத்துச் சேர்த்தது எல்லாம் இப்படியே போகிறது.

மிசிசாகா மீன்பிடி:

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை அண்ணா. அக்டோபரில் தாங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததோடு ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் லாக்குகளை, அதாவது படகுகளை ஏற்றி இறக்கும் மதகுகளை, மூடிவிடுகிறார்கள். 386 கிலோமீட்டர் வழி அது, ஓரிலியாவும் அதன் மேல்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் படகெல்லாம் ஒரே நேரத்தில் கரைக்கு ஏறினால் மெக்கானிக் எங்கே கிடைப்பார்?

ஓரிலியா புதுவரவு:

எல்லோருக்கும் நன்றி. ஆனால் மணி 7:40 ஆகிவிட்டது. பச்சை நிறத்தில் கார் ஆன்டிஃப்ரீஸ் ஒரு கேன் வீட்டில் இருக்கிறது. அதை ஊற்றிவிடட்டுமா?

படகுப் பட்டறை:

ஊற்றாதீர்கள். அது எத்திலீன் கிளைக்கால், விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிச் சாகும். வசந்தத்தில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது அத்தனையும் நேராக ஏரிக்குள் போகும்.

நான் ஜார்ஜியன் பே பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். மேலே சொன்னவர்களில் யாரும் உங்களிடம் என்ன இன்ஜின் என்று கேட்கவில்லை. அது தெரியாமல் யார் சொல்வதும் உதவாது. டார்ச் எடுத்துக்கொண்டு படகின் பின்பக்கம் போங்கள். முழு இன்ஜினும் வெளியே தொங்கினால் அவுட்போர்டு. மிசிசாகா நண்பர் சொன்னது போல நேராக இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். வெளியே புரொப்பெல்லர் உள்ள கால் மட்டும் தெரிந்து, உள்ளே பின் சீட்டுப் பக்கம் மெத்தை போட்ட பெட்டி இருந்தால் அது ஸ்டெர்ன்டிரைவ். அதற்கு இன்றிரவே வேலை இருக்கிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஓரிலியா புதுவரவு:

வெளியே கால் மட்டும்தான். பெட்டியைத் திறந்தேன், கார் இன்ஜின் மாதிரி இருக்கிறது. மெர்க்ரூசர் 4.3 என்று எழுதியிருக்கிறது.

படகுப் பட்டறை:

சரி, ஸ்டெர்ன்டிரைவ், வி-6. இந்த வகையில் பெரும்பாலானவை ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்து இன்ஜினைக் குளிரவைக்கின்றன. அந்தத் தண்ணீர் இப்போதும் பிளாக்கிலும் (இன்ஜினின் வார்ப்பிரும்பு உடல்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலும் (புகை வெளியேறும் பக்கக் குழாய்) நிற்கிறது. உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரியும், வார்ப்பிரும்பு அதற்கு இடம் கொடுக்காது. பிளாக் வெடித்தால் பழைய படகின் விலையை விட இன்ஜின் விலை அதிகம். தார்ப்பாய் சூடு தராது, மழையைத்தான் தடுக்கும். படகு ஏரியிலேயே மிதந்துகொண்டிருந்தால் சுற்றியுள்ள தண்ணீரின் சூடு கொஞ்சம் காப்பாற்றும். டிரெய்லரில் நிற்கும்போது நாலாபக்கமும் குளிர்காற்றுதான்.

இன்றிரவு ஒரே ஒரு வேலை, தண்ணீரை வெளியேற்றுவது. ஆன்டிஃப்ரீஸ் இன்றைக்கு வேண்டாம், கடைக்கு ஓட வேண்டாம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம்.

முதலில் படகின் பின்பக்கம் தாழ்ந்திருக்கும்படி டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்துங்கள், சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு. அடிப்பிளக்கைக் கழற்றி, கீழே ஒரு வாளி வையுங்கள், எண்ணெய் கலந்து வந்தால் தரையில் போகக் கூடாது. வெளியே இருக்கும் காலை முழுதாகக் கீழே இறக்குங்கள், தூக்கியபடி விட்டால் அதற்குள்ளும் தண்ணீர் நிற்கும். பிறகு இன்ஜின் பிளாக்கின் இரு பக்கமும் அடிப்பகுதியைப் பாருங்கள், பக்கத்துக்கு ஒரு வடிகால் பிளக். இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அடியிலும் ஒவ்வொன்று. மெர்க்ரூசரில் பல மாடல்களில் இவை நீல நிறத்தில் இருக்கும், கையாலேயே திருகலாம். கடைசியாக, இன்ஜினின் முன்பக்கம் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பின் கீழ் வந்து சேரும் தடித்த ஹோஸைக் கழற்றி வளைத்து விடுங்கள். கழற்றிய பிளக்குகளை ஒரு பையில் போட்டு ஸ்டியரிங்கில் கட்டுங்கள்.

ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். துருவும் மணலும் அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்துங்கள்.

பாரி அக்கா:

பெட்ரோல் இன்ஜின் பெட்டி அது. ஹீட்டரோ பல்போ உள்ளே வைத்துச் சூடேற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும்.

ஓரிலியா புதுவரவு:

இடதுபக்கம் நிறைய வந்தது. மேனிஃபோல்ட் இரண்டும் வந்தன. வலதுபக்க பிளாக்கில் சொட்டுக்கூட இல்லை, கோட் தொங்கவிடும் கம்பியை நிமிர்த்திக் குத்தினேன். செம்மண் குழம்பு போல வந்து, பிறகு குபுகுபுவென்று ஊற்றியது. ஹோஸும் கழற்றிவிட்டேன். கை விறைத்துவிட்டது, ஆனால் உயிர் வந்தது போல இருக்கிறது. இனி என்ன?

படகுப் பட்டறை:

அந்த வலதுபக்கம்தான் வெடித்திருக்கும். நன்றாகச் செய்தீர்கள், உள்ளே போய்ச் சூடாக ஏதாவது குடியுங்கள். மீதியை வெயில் உள்ள ஒரு வார இறுதிப் பகலில் செய்யலாம்.

அன்றைக்கு பிளக்குகளையும் ஹோஸையும் திரும்பப் பூட்டுங்கள். டேங்கில் ஸ்டெபிலைசர் ஊற்றி ஏறக்குறைய நிரப்புங்கள். உங்களுடையது படகோடு பொருத்திய டேங்க், அதனால் அக்கா சொன்னதுதான் உங்களுக்குச் சரி. கையில் தூக்கும் சிவப்பு டேங்க் என்றால் மிசிசாகா நண்பர் சொன்னதும் சரி. படகின் காலில் தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் மஃப் என்ற ரப்பர் மூடிகளை மாட்டி, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பிலுள்ள ரப்பர் இம்பெல்லர் சில நொடியிலேயே கருகத் தொடங்கும். ஆகவே வெளிக்குழாயை அதுவரை நிரந்தரமாகப் பூட்ட வேண்டாம், இரவில் மட்டும் உள்ளே அடைத்து வடியவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் 4 நிமிடம் புளோவர் (பெட்டியிலிருந்து பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறி) ஓட வேண்டும், அது சட்டமும்கூட. திறந்த வெளியில் மட்டும், கராஜுக்குள் கூடாது. 10 நிமிடமாவது ஓடினால்தான் மருந்து கலந்த பெட்ரோல் இன்ஜின் வரை போய்ச் சேரும். சூடாக இருக்கும்போதே இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் குளிர்காலம் முழுக்க உள்ளே அரிக்கும்.

அப்புறம் மறுபடியும் எல்லாவற்றையும் வடியுங்கள். வடித்து, பிளக்கைப் பூட்டிய பிறகு, மேலே உள்ள ஹோஸ்கள் வழியாக இளஞ்சிவப்பு புரொப்பிலீன் கிளைக்கால் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றலாம். வடிக்காமல் மஃப் வழியாக மட்டும் ஆன்டிஃப்ரீஸை இழுக்கவிட்டால் இன்ஜின் சூடானால் மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு மூடியிருக்கும், பிளாக்குக்குள் போகாமல் வெளியே ஓடிவிடும். கேனில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும், மிச்சத் தண்ணீரோடு கலந்தால் பலம் இன்னும் குறையும். தண்ணீர் சேர்த்து நீட்டிக்காதீர்கள்.

காலின் கியர் ஆயிலையும் மாற்றுங்கள். பால் போல வெளுத்து வந்தால் சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது, அதை அப்படியே விட்டால் உறைந்து காலின் கூடு வெடிக்கும். பேட்டரியை நெகடிவ் முனையை முதலில் கழற்றி வெளியே எடுத்து முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் 10 வாக்கிலேயே உறையும், நிறைந்தது ஒன்ராறியோக் குளிரைத் தாங்கும். தார்ப்பாய்க்கு அடியில் மரச்சட்டம் கொடுத்துக் கூரை போலச் சரிவாக்குங்கள், பனி தங்கினால் அதன் கனத்தில் படகின் கண்ணாடியே உடையும். இரு முனையிலும் காற்றுப் போக வழி விடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

பிராம்ப்டன் வாசகர்:

இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் படியுங்கள். பல பாலிசிகளில் உறைந்து வெடித்ததற்குக் காசு கிடையாது, அல்லது பட்டறையில் வின்டரைஸ் செய்த ரசீது கேட்பார்கள். மூன்று வாரம் கழித்துக் கிடைக்கிற அந்த இடத்தை ரத்து செய்யாதீர்கள்.

ஓரிலியா புதுவரவு:

ரத்து செய்யவில்லை. நாளைக் காலை இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்கிறேன், நகராட்சி பைலாவையும் கேட்கிறேன். படகின் லைசென்ஸ் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில்தான் இருக்கிறது. அதைக் குளிர்காலத்திலேயே மாற்றிக்கொள்ளலாமா?

பாரி அக்கா:

மாற்றுங்கள், உடனே மாற்றுங்கள். விற்ற சீட்டில் அவர் கையெழுத்து வேண்டும், ஊரை விட்டுப் போகிறவரைப் பின்னால் தேடிப் பிடிக்க முடியாது. டிரெய்லருக்கும் தனி நம்பர் பிளேட் உண்டு, அந்த உரிமைச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். படகோட்டும் அட்டை எடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. மோட்டார் படகை ஓட்டுகிறவருக்கு அது கட்டாயம். தேர்வை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம்.