டூரோ சினகாக் பத்தி ஒரு உதவி வேணும்
வணக்கம் மக்களே, குரூப்ல பாஸ்டன் பக்கம் யாராவது இருக்கீங்களா? அமெரிக்கால ரோட் ஐலண்ட் மாநிலத்துல நியூபோர்ட்னு ஒரு ஊரு, அங்க இருக்கற டூரோ சினகாக் (யூதர்களோட வழிபாட்டு இடம்) பத்தி கட்டுரை எழுதிட்டு இருக்கேன், கட்டடத்த விட அதுக்கு எப்படி காசு பொரட்டுனாங்கங்கறதுலதான் எனக்கு இன்ட்ரஸ்ட்.

1759ல அடிக்கல் போட்டு 1763ல திறந்தாங்க. ஊர்ல இருந்ததே கொஞ்சம் யூத குடும்பங்கதான், தனியா முடியாதுன்னு நியூயார்க்ல இருந்த ஷியரித் இஸ்ரேல்ங்கற யூத சபைக்கு லெட்டர் போட்டாங்க, அவங்க வசூல் பண்ணி அனுப்புனாங்க, கரீபியன் தீவுகள்ல இருந்தும் லண்டன்ல இருந்தும்கூட பணம் வந்துச்சு (கப்பல் காலத்து க்ரவுட் ஃபண்டிங்!). இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, உதவி பண்ண அந்த நியூயார்க் சபையே 1730ல தன்னோட முதல் கட்டடத்த குராசோ, ஜமைக்கா மாதிரி எடங்கள்ல இருந்து வந்த காசையும் சேத்துதான் கட்டுச்சு. டூரோ சினகாக்குக்கு வரைபடம் போட்ட பீட்டர் ஹாரிசன் யூதர்கூட கிடையாது.

எனக்கு வேண்டியது ரெண்டுதான். அந்த 1759 லெட்டரோட முழு வாசகம் எந்த புக்லயாவது பாத்திருந்தா பக்கத்த ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. அப்புறம் நேர்ல போனவங்க வெளிப்பக்கம் எடுத்த போட்டோ குடுங்க, மொபைல்ல எடுத்தாலும் ஓகே, உங்க பேர் போட்டுடறேன்.