சனிக்கிழமை உரைத் தலைப்பு: ஒத்தியங்குதிறனா, இயைந்தியங்குதிறனா?

கோலாலம்பூரிலிருந்து:

அன்புள்ள குழுவினர்க்கு,

பிரிக்ஃபீல்ட்ஸில் வரும் சனிக்கிழமை நடக்கவிருக்கும் இரண்டு உரைகளின் தலைப்புகளையும் வியாழனுக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். இரண்டாம் உரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ பற்றியது, அதற்குச் ‘செயல்திறன்’ என்று போடலாம் என்பதில் பெரும்பாலோர்க்கு மறுப்பில்லை. வெவ்வேறு மென்பொருள்கள் சேர்ந்து இயங்கும் ஆற்றலைப் பற்றிய முதலுரைக்குத்தான் வேறு வழியில்லாமல் ‘இன்டர்ஆப்பரபிலிட்டி’ என்றே தமிழெழுத்தில் அச்சிடலாம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

‘இணக்கம்’ என்பது ‘கம்பேட்டிபிலிட்டி’க்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ‘இடைச்செயற்பாடு’ என்று எழுதினால், நடுவில் குறுக்கிடும் ஏதோ ஒரு வேலை என்றே படிப்பவர் கொள்வார். பன்னாட்டுப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 1990இல் தந்த வரையறையில் இரண்டு கூறுகள் உள்ளன: தகவலைப் பரிமாறிக்கொள்வது ஒன்று, பரிமாறிய தகவலைப் பயன்படுத்திக்கொள்வது மற்றொன்று. நாம் தேடும் சொல் இரண்டாவது கூறையும் தாங்க வேண்டும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீட்டெண் தரும் யூனிகோடில் ‘கொ’ என்னும் எழுத்தைப் பாருங்கள். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்த்தும் எழுதலாம். அக்குறியீடுகளைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் முதலாவது 6 பைட்டு, இரண்டாவது 9 பைட்டு. திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஒரு செயலி அனுப்பிய பெயர்ப்பட்டியல் மற்றொன்றில் பிழையின்றித் திறக்கும், ஆனால் அதில் ‘கொடி’ என்று தேடினால் கிடைக்காது. பரிமாற்றம் நடந்துவிட்டது, பயன்பாடு நடக்கவில்லை. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் சீராக்கத்தைச் சேமிக்கும்போதே செய்யாமல் ஒவ்வொரு தேடலின்போதும் செய்தால் வேகமும் அடிபடும் என்பதால்தான், இந்த இரண்டு உரைகளையும் ஒரே நாளில் வைத்தோம். 2001இல் தமிழ் இணைய மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்த காலத்தில் டிஸ்கி, டாம், டாப் என்று குறியாக்கத்துக்கொரு எழுத்துரு வைத்திருந்தவர்களுக்கு இந்தத் துன்பம் புதிதன்று.

ஆகவே ‘ஒத்தியங்குதிறன்’ என்பதை முன்வைக்கிறேன். ஒத்தியங்கும் செயலி, ஒத்தியங்காத கோப்பு வடிவம், ஒத்தியங்கச் செய்தல் என்று வினையாகவும் எதிர்மறையாகவும் அது தடையின்றி விரியும்.

பினாங்கிலிருந்து:

தம்பி, முயற்சி நன்று, அடிச்சொல்தான் பொருந்தவில்லை. ஒத்தல் என்றால் ஒன்றுபோல் இருத்தல். வெவ்வேறாக இருப்பவை தம் இயல்பு கெடாமல் சேர்ந்து நடப்பதையல்லவா நாம் சொல்ல வந்தோம்? அதற்கு ‘இயை’ என்பதே உரிய வேர், ஆகவே ‘இயைந்தியங்குதிறன்’ என்போம். வாயில் வாசலானது, உயரம் உசரமானது, முயலை முசல் என்பாரும் உண்டு. அவ்வாறே இயை இசையாகி, இசைவும் ஒத்திசைவும் அதிலிருந்து கிளைத்தன என்பது என் துணிபு. இன்னொன்றையும் கருதுங்கள். ‘மணி’, ‘அடித்தது’ என்னும் இரு சொற்கள் புணரும்போது இரண்டு உயிர்களும் மாறாமல் நிற்க, நடுவில் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. இரு மென்பொருள்களுக்கு இடையே நாம் எழுதும் இணைப்பு நிரல் செய்வதும் இதுவே ஆகையால், அதற்கு ‘உடம்படுநிரல்’ என்று பெயரிடலாம். ‘செயல்திறன்’ என்பதும் புணர்ச்சி விதிப்படி ‘செயற்றிறன்’ என்றுதான் வர வேண்டும்.

கிள்ளானிலிருந்து:

ஐயா, வணக்கம். உடம்படுநிரல் அழகான சொல். அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒத்தல் என்பது உவமைக்கே உரியது என்று தள்ள முடியாது. நன்னூலார் தரும் உவம உருபுகளில் ‘ஒப்ப’ இருப்பதுபோலவே ‘இயைய’வும் இருக்கிறதே. ‘ஒத்துழைப்பு’ என்னும்போது உழைப்பவர் இருவரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குப் பாடம் எடுப்பவள். உணவகக் கல்லாவில் ஒட்டியிருக்கும் டூயிட்நவ் என்னும் மலேசியப் பொதுக் கட்டண முறையின் ஒரே கியூஆரை, அம்முறையில் சேர்ந்துள்ள எந்த வங்கிச் செயலியாலும், எந்த மின்பணப்பையாலும் வருடிப் பணம் செலுத்த முடிவதை மாணவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். தாய்லாந்தின் பிராம்ட்பே கட்டண முறையோடு 2021இல் ஏற்பட்ட இணைப்பால், அதில் சேர்ந்துள்ள தாய்லாந்து வங்கிச் செயலிகளாலும் செலுத்தலாம். இவை ‘ஒத்தியங்குகின்றன’ என்றால் அவர்களுக்கு விளக்கம் வேண்டாம். ‘இயைந்து’ என்பதைச் செய்யுள் பாடத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள்.

எனக்குச் ‘செயல்திறன்’ மீதுதான் குறை. மலாயில் ‘பிரெஸ்தாசி’ என்பதை மாணவரின் தேர்ச்சிக்கும் சொல்கிறோம், கணினிக்கும் சொல்கிறோம். அதே மங்கல் இதிலும் இருக்கிறது. பினாங்குப் படகு ஒரே நடையில் நூற்றுக்கணக்கானோரைக் கடத்தினாலும், துறையில் காத்திருப்பவருக்கு அது தாமதம்தான். ஆகவே காத்திருப்பு நேரத்தையும், குறித்த நேரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்னும் கடத்துவீதத்தையும் உரையில் கட்டாயம் பிரித்துச் சொல்ல வேண்டும். ‘செயற்றிறன்’ என்று அச்சிட்டால் எழுத்துப்பிழை என்று பெற்றோர் சொல்வார்கள், ஐயா.

கோலாலம்பூரிலிருந்து:

இதுவரை எழுதியவர்களில் ஐவர் ஒத்தியங்குதிறனையும், இருவர் இயைந்தியங்குதிறனையும், ஒருவர் ஆங்கிலச் சொல்லையும் விரும்புகிறார்கள். தலைப்பில் முதலாவதும், இரண்டாம் உரைக்குச் ‘செயல்திறன்: காத்திருப்பு நேரமும் கடத்துவீதமும்’ என்பதும் போகும்.

பினாங்கிலிருந்து:

தலைப்பு உங்கள் விருப்பப்படியே இருக்கட்டும். உரையாற்றுபவன் நான் என்பதால், என் படவில்லைகளில் ‘இயைந்தியங்குதிறன்’ என்றே வரும். ‘இயைய’ உவம உருபாக வருவதை ஆசிரியை அம்மா எடுத்துக்காட்டியது சரியே. எனினும் ‘இயைபு’ என்னும் பெயர்ச்சொல்லில் சேர்தற்பொருளே மேலோங்கி நிற்கிறது என்பதை எழுதி வைத்திருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.